சராசரிக்கு மூன்று அடையாளங்கள்

பிளேன்டீக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்த எனக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது. நீங்களே நிறுத்தச் சொன்னால் ஒழிய, முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

குருவிட்டவுக்கு மேலே எங்கள் தோட்டத்தின் பால் ஸ்டோரைப் பார்த்திருப்பீர்கள். தொழிலாளர்கள் வெட்டிய ரப்பர் பாலை வாளி வாளியாகக் கொண்டுவந்து ஒரே தொட்டியில் ஊற்றுவார்கள். ஒரு வாளி கெட்டியாக இருக்கும், இன்னொன்று தண்ணீராக இருக்கும். தொட்டியின் கெட்டி இரண்டுக்கும் நடுவில், பெரிய வாளியின் பக்கம் சாய்ந்து நிற்கும். நிறையேற்றிய சராசரி என்பது அவ்வளவுதான்.

என் கேள்வி வேறு. ஊற்றுவதைப் பார்க்காமல், விடையை மட்டும் பார்த்து, இது நிறையேற்றிய சராசரிதான் என்று எப்படிச் சொல்வது? மூன்று அடையாளங்கள் போதும் என்று கண்டேன். எல்லா வாளியும் ஒரே கெட்டி என்றால் தொட்டியும் அதே கெட்டி. ஒரு வாளி கெட்டியானால் தொட்டியும் கெட்டியாகும். சில வாளிகளை முதலில் தனியாகக் கலந்து பிறகு மற்றவற்றோடு ஊற்றினாலும் விடை மாறாது. இந்த மூன்றும் உள்ளது நிறையேற்றிய சராசரி மட்டுமே என்று நிறுவப் பதினொரு வருடம் ஆயிற்று. என் மனைவி ராகினி ஏழாவது வருடம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கொழும்புக் கருத்தரங்கில் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். திருத்திய பிரதி அனுப்பச் சனிக்கிழமைதான் கடைசி நாள்.

பால் ஸ்டோர் பொறுப்பாளர் டிலக்ஷன் கணிதப் பட்டப்படிப்பைப் பாதியில் விட்டவர். தோட்டத்தில் என் கட்டுரையை வாசிக்கக்கூடிய ஒரே ஆள். நானாகவே கொடுத்தேன். அது என் மடத்தனம்.

சனிக்கிழமை பகல் பால் ஸ்டோருக்குப் போனேன். தொழிலாளர்கள் பாலை ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள்.

"சேர், கோவிச்சுக்காதீங்க," என்றார். "ரெண்டையும் எட்டையும் எடுங்க. கூட்டி ரெண்டால பிரிச்சா அஞ்சு. பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா நாலு. இந்த ரெண்டாவது முறையும் உங்க மூணு அடையாளத்திலயும் பாஸாகுது. ஆனா அது வேற சராசரிங்களே."

போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. பதினொரு வருடத்தை அரை நிமிடத்தில் முடித்துவிட்டார்.

"பயப்படாதீங்க சேர். பொதுமைப்படுத்திய நிறையேற்றிய சராசரின்னு தலைப்ப மாத்திட்டு, நடுவுல ஒரு சார்பு, அதான் ஃபங்ஷன், வச்சா நீங்க நிறுவினது நிக்கும். எழுதி வச்சிருக்கேன். ரெண்டு பேர் பேரையும் போடுவோமா?"

தாளைக் கொடுத்துவிட்டு, பாலின் கெட்டியைப் பார்க்கும் மிதவைக் குழாயோடு தொட்டியில் குனிந்தார். நான் தாளை வாசித்தேன். அழகான இரண்டு வரிகள். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பால் கலக்கும் இரும்புத் துடுப்பை எடுத்துப் பிடரியில் மூன்று தரம் அடித்தேன். பிறகு தலையைப் பாலுக்குள் அமுக்கிப் பிடித்தேன். அவர் மெலிந்த ஆள் இல்லை. கால்கள் சீமெந்துத் தரையில் இரண்டு நிமிடம் உதைத்தன. நான் அவசரப்படவில்லை.

அப்புறம் பாலை உறைய வைக்கும் அசிட்டை ஊற்றினேன். தினமும் அந்த நேரத்தில் ஊற்றுவதுதானே. அந்தப் பால் அத்தனை பேர் விடியற்காலையில் மலை ஏறி வெட்டியது, வீணாகக் கூடாது. அது அவருடைய தலையைச் சுற்றி உறைந்துவிட்டதாகவும், உங்கள் ஆட்கள் பால் வெட்டும் கத்தியால் அறுத்தெடுக்க வேண்டியிருந்ததாகவும் கேள்விப்பட்டேன். சிரமத்துக்கு மன்னிக்க வேண்டும்.

கோபத்தில் செய்ததாக எழுத வேண்டாம். வகுப்பில் ஒரு பிள்ளையைக்கூட நான் அடித்ததில்லை. கொன்றது நான்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் திருடன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அன்று மாலையே தலைப்பை மாற்றி, அந்த இரண்டு வரிகளையும் சேர்த்துக் கட்டுரையை அனுப்பினேன். டிலக்ஷனின் பெயரைப் போடவில்லை. கடைசிப் பிரதியைப் பார்த்துச் சம்மதம் சொல்லாதவரின் பெயரைப் போடுவது முறையல்ல, ஐயா.