யாரும் சாகாத வண்டி

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா. எனக்கு இப்போதெல்லாம் குரல் எழும்புவதில்லை, தள்ளி இருந்தால் பாதிக் கதை காற்றோடு போய்விடும். ஒரு வண்டியின் கதை சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள்.

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே ரோட்டோரத்து ஊர். பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்ட குடும்பங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. ஐம்பத்து மூன்றில் எங்கள் பஞ்சாயத்து போர்டு ஒரு பழைய மிலிட்டரி வண்டியை ஏலத்தில் எடுத்து, வெள்ளையடித்து, ஆஸ்பத்திரி வண்டி ஆக்கியது. சுற்றியுள்ள நாற்பது கிராமத்துக்கும் அது ஒன்றுதான். என் வீட்டுக்காரர் போர்டில் குமாஸ்தாவாக இருந்து இறந்தவர். அதனால் வண்டியின் நிர்வாகத்தை என்னிடம் விட்டார்கள். நான் படித்தது அஞ்சாவது. மற்றதெல்லாம் ஒரு முதலுதவிப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டது. நாடி எப்படி இருந்தால் ஆபத்து, நகம் எப்போது வெளுக்கும், எல்லாம் எனக்கு மனப்பாடம். அது நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன்.

வேலை பெரிதில்லை. ஆபீஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். கிராமத்திலிருந்து யாராவது சைக்கிளிலோ நடந்தோ வருவார்கள். என்ன ஏது என்று கேட்டு, டிரைவர் யேசுராஜை அனுப்புவேன். சாவி என் இடுப்பில் இருக்கும்.

முதல் மாதமே தொரப்பள்ளிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், திம்மராயன் என்று பெயர், வண்டியிலேயே போய்விட்டார். பத்து நாளில் இன்னொருவர். எங்கள் பக்கத்து சனம் சாவு விழுந்த கட்டிலையே வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாது. மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினோம், பூசணிக்காய் உடைத்தோம். ஒருவரும் ஏறவில்லை. இடுப்பு வலியில் துடிக்கிற மருமகளை வைத்துக்கொண்டு மங்கம்மா என்கிற மாமியார் யேசுராஜிடம் சொன்னாளாம்: "பொணம் படுத்த பலகைல எம் மருமவ படுக்க மாட்டா. நீ ஒம் பொண்டாட்டிய ஏத்திக்கிட்டு போ." அந்த மருமகள் மூன்று நாள் கஷ்டப்பட்டுச் செத்தாள்.

வண்டி இரண்டு மாதம் ஷெட்டில் நின்றது. பிரசிடெண்ட் முனிராஜ், "யாருக்கும் வேண்டாம்னா வித்துடலாம், ஜோதியம்மா" என்றார். அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். இனிமேல் இந்த வண்டியில் ஒரு உயிரும் போகக் கூடாது. நல்ல முடிவுதானே? நீங்களும் அதைத்தான் எடுத்திருப்பீர்கள்.

அதற்கு அப்புறம் ஆள் வந்தால் நிதானமாகக் கேட்பேன். பேச்சு இருக்கிறதா, மூச்சு எப்படி, கை கால் சூடா, சில்லிட்டிருக்கிறதா. பிழைக்கிற நோயாளி என்றால் யேசுராஜ் அடுத்த நிமிஷம் கிளம்புவான். பிழைக்கமாட்டார் என்று எனக்குத் தோன்றினால், வண்டி கல்லாவிப் பக்கம் போயிருக்கிறது, வந்ததும் அனுப்புகிறேன் என்று சொல்லிவிடுவேன். வண்டி ஜன்னலுக்குப் பின்னாலேயே, சாத்தின ஷெட்டுக்குள் இருக்கும். அந்த நேரம் யேசுராஜும் உள்ளேயே இருக்க வேண்டும் என்பது என் உத்தரவு.

"என்னம்மா இது, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கற மாதிரி நோயாளிய பாக்கறீங்க?" என்று அவன் கேலி பண்ணுவான். முதலில் கேலிதான் பண்ணினான்.

சனங்களுக்கு ஒரு நம்பிக்கை, நோயைப் பெரிதாகச் சொன்னால் வண்டி சீக்கிரம் வரும் என்று. எத்தனை மோசமோ அத்தனையும் ஒளிக்காமல் சொல்வார்கள், கூடக்கொஞ்சம் சேர்த்தும் சொல்வார்கள். உண்மை பேசியவர்களையும் பயந்து மிகைப்படுத்தியவர்களையும் நான் ஒரே மாதிரி திருப்பி அனுப்பினேன். சிலர் சும்மா பயத்தில் சொன்னவர்கள் என்று அப்புறம் தெரியவந்தது.

ஒரு வருஷத்துக்குள் வண்டிக்கு நல்ல பேர் வந்துவிட்டது. பிரசவத்துக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பிரசிடெண்ட் ஆபீஸ் சுவரில் கரும்பலகை ஒன்று மாட்டி, ஐம்பத்து நாலு முதல் வண்டியில் இறந்தவர் யாருமில்லை என்று எழுதச் சொன்னார். மாதா மாதம் நான் தேதியை மட்டும் மாற்றி எழுதுவேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

ஐம்பத்தேழு ஆவணியில், காலை எட்டு மணி இருக்கும், பேரிகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆஞ்சப்பன் என்று ஒருவர் சைக்கிளில் வந்தார். அரை ஏக்கர் ராகி போட்டுப் பிழைக்கிறவர். விடியும்போது மனைவி ருக்மணிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அதிலிருந்து ரத்தம் நிற்கவில்லை.

"பேசறாளாப்பா?"

"பேசறாங்கம்மா. ஆனா கண்ணு சொருவுது. கை ஐஸாட்டம் இருக்குது. நகமெல்லாம் வெள்ளையா போச்சுங்க." ஒன்றுவிடாமல் சொன்னார். கடைசியில் அவர்கள் வீட்டுப் பேச்சான தெலுங்கில் கேட்டார், "பதுகுதுந்தா அம்மா?" பிழைப்பாளா என்று.

பிழைப்பாள் என்றேன். வண்டி கல்லாவி போயிருக்கிறது என்றேன். காத்திருக்க வேண்டாம், மாட்டு வண்டி கட்டுங்கள், பஸ்காரன் ரத்தத்தைப் பார்த்தால் ஏற்றமாட்டான் என்று புத்தியும் சொன்னேன்.

உச்சி வெயிலில் அந்த மாட்டு வண்டி எங்கள் ஆபீஸ் முன்னால் வந்து நின்றது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. "ஆஸ்பத்திரி வண்டி வந்துடுச்சுங்களாம்மா?" என்று ஆஞ்சப்பன் கேட்டார்.

நான் இறங்கிப்போய்ப் பார்த்தேன். வைக்கோல் மேல் ருக்மணி படுத்திருந்தாள். இருபது வயசு இருக்கலாம். மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி நூல் மாதிரி ஓடியது, ஆனாலும் ஓடியது. கண் திறந்து என்னைப் பார்த்து, "அக்கா, பாப்பாவுக்கு வெயில் அடிக்குது" என்றாள். அவள் முந்தானையை இழுத்துக் குழந்தைக்கு மறைப்புக் கட்டினேன். அவளுக்கு ரெண்டு வாய் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். ஷெட் அங்கிருந்து பதினைந்து அடி. கதவுக்குப் பின்னால் யேசுராஜ் நிற்பது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி பதினாறு மைல். எங்கள் வண்டிக்கு முக்கால் மணி நேரம், மாட்டுக்கு ஐந்து மணி நேரம்.

"இன்னும் வரலைப்பா" என்றேன். "மெதுவா ஓட்டிக்கிட்டுப் போ. குலுங்கக் கூடாது."

மாட்டு வண்டி திரும்பினதும் யேசுராஜ் வெளியே வந்தான். கேலி இல்லை. "சாவியக் குடுங்கம்மா. நான் பின்னாடியே போய் ஏத்திக்கறேன். வண்டி இப்பத்தான் வந்துச்சுன்னு சொல்லிக்கறேன்."

நான் கொடுக்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு உசுரு இருக்குதும்மா."

"அதனாலதாண்டா" என்றேன். அந்த வார்த்தையை எவ்வளவு அமைதியாகச் சொன்னேன் என்பது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

ருக்மணி ஆஸ்பத்திரிக்கு உயிரோடுதான் போய்ச் சேர்ந்தாள். பெஞ்சில் படுக்கவைத்த கால் மணியில் போய்விட்டாள். மத்தியானமே வந்திருந்தால் மருந்து ஏற்றிக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் ஆஞ்சப்பனிடம் சொல்லியிருக்கிறார். இதை எனக்குச் சொன்னது ஆஞ்சப்பனேதான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தார். சண்டைக்கு என்று நினைத்து நான் ஜன்னலை விட்டு எழுந்தேன். அவரோ ஒரு துணி மூட்டையில் அவரைக்காய் கொண்டுவந்திருந்தார். "வண்டி இருந்திருந்தா நீங்க அனுப்பாம இருப்பீங்களா. வெயில்ல எறங்கி வந்து அவ கையப் புடிச்சீங்களே, அத சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொரியல் பண்ணிச் சாப்பிட்டேன். என்ன செய்திருக்கலாம் என்று அதிலிருந்து தினமும் யோசிக்கிறேன், ஆனால் அன்றைக்குச் சாப்பிட்டேன்.

யேசுராஜ் அந்த மாசமே நின்றுகொண்டான். ஓசூரில் லாரிக்குப் போய்விட்டான். போகும்போது, "மூட்டை ஏத்தறதுல ஒரு நிம்மதிங்கம்மா. எதுவும் நம்மள நம்பாது" என்றான். அவன் வெளியில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அடுத்த டிரைவர் கேள்வி கேட்காதவன். நான் இன்னும் மூன்று வருஷம் அதே ஜன்னலில் இருந்தேன், அதே மாதிரி. நான் திருப்பி அனுப்பிச் செத்தவர்கள் மொத்தம் பதினேழு பேர் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்து பதினேழு.

கர்ப்பிணிகளுக்காகச் செய்தேன் என்றுதான் இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு பேரை விட்டால் இருநூறு பேர் ஏறுவார்கள் என்று. அது முதல் வருஷத்துக்கு வேண்டுமானால் பொருந்தும். ருக்மணி வந்த காலத்தில் சனத்துக்குப் பயம் தெளிந்திருந்தது, மாமியார்களே முதலில் ஏறி இடம் பிடித்தார்கள். ஒருத்தி செத்திருந்தால் வண்டி நின்றிருக்காது. அந்த வாரம் சேலத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி கரும்பலகையைப் பார்க்க வருவதாக இருந்தார். மூன்று வருஷமாக ஒருவரும் சாகாத வண்டியை நடத்துகிற பொம்பளை யார் என்று கேட்டாராம். வந்தார், பார்த்தார், சால்வை போட்டார். அதற்காகத்தான் கண்ணுகளா. வேறு ஒன்றுக்கும் இல்லை. அவளை ரத்தப்போக்கு கொல்லவில்லை, நான் கொன்றேன்.

நேரமாகிவிட்டது, எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் பிள்ளை பெறுகிறவள் தாயும் சேயுமாகக் குளித்து எழட்டும். பாயில் படுத்தவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்கட்டும். உங்கள் வாசலில் நின்று என்னைப்போல் ஒருத்தி ஆறுதலாகக் கையைப் பிடிக்கிற நாள், உங்களுக்கு வராமலே போகட்டும்.