மா கும்-ரே மகனின் கன்னம்

எனக்கு எழுத வராது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். மாலை வகுப்பில் ஒரு வாக்கியத்தை அடித்து அடித்து எழுதினாலும் அது நிமிராது. குவாங்ஜு ஆவணக் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒன்றே ஒன்று நன்றாக வந்தது. எண்பதாம் ஆண்டு மே மாதம் இராணுவத்தை எதிர்த்து மக்கள் நடத்திய போராட்டத்தின் சுவரொட்டி ஒன்றுக்கு நான் எழுதிய குறிப்பு அது: "பெயர் இல்லாததால் இவன் எல்லோருடைய மகன்." கண்காட்சியில் அதைப் பெரிய எழுத்தில் வைப்பதாக முடிவாயிற்று.

மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படம். ஓர் இளைஞன் காயம்பட்டவரைச் சுமக்கிறான். அவன் வலது கன்னத்தில் மெல்லிய வெள்ளைத் தழும்பு.

அதைப் பார்க்க மா கும்-ரே அம்மா தினமும் வருவார். அந்த மே மாதம் வெளியே போன அவர் மகன் சோ இன்-சோல் திரும்பவில்லை. அவன் போராட்டத்தில் இருந்ததற்குச் சாட்சி இல்லாததால் காணாமற்போனவர்களில் அவன் பெயர் சேரவில்லை. கல்லறையில் அவனுக்கு ஒரு கல்லும் இல்லை.

"உன் மாமியார் வந்தாச்சு, பார்லித் தண்ணி எடுத்து வை," என்பாள் உடன் வேலை பார்க்கும் ஹியோன்-ஓக்.

"இது என் புள்ளதான் தம்பி," என்பார் அம்மா. "ஆனா தழும்பு இடது கன்னத்துலதானே இருக்கணும்? கொதிக்கிற கஞ்சிய அவன் மேல கொட்டினவ நானு, எனக்குத் தெரியாதா?"

காணாமற்போனவர்களின் பட்டியலில் பெயர் சேர்க்கும் விசாரணைக் குழுவும் அதைச் சொல்லித்தான் மறுத்தது.

சட்டையைக் கவனித்தவன் நான் மட்டுமே. பொத்தான்கள் பெண்கள் சட்டையில் இருப்பதுபோல் எதிர்ப்பக்கம் இருந்தன. அச்சில் இடம் வலமாகும் என்பதால் படத்தைத் திருப்பி வரைந்துதான் செதுக்குவார்கள். இதைச் செதுக்கியவர் அவசரத்தில், கண்டதை அப்படியே வெட்டிவிட்டார். உள்ளறையில் இருந்த கட்டையை எடுத்துப் பார்த்தேன். பொத்தான்கள் சரியான பக்கம். தழும்பு இடது கன்னத்தில்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. வாழ்நாளில் ஒரு வாக்கியம் அமைகிறது. அதற்கும் ஒரு பெயர் வந்து குறுக்கே நிற்கிறது.

கட்டை இங்கே இருப்பதை ஹியோன்-ஓக் சொல்லி அறிந்த அம்மா, அதை வந்து பார்க்கும்படி அன்று குழுவினரிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கி வந்திருந்தார். "அந்தக் கட்டையை அவங்களுக்குக் காட்டேன், ராசா."

"ஈரமா இருக்கும்மா. திங்கட்கிழமை எல்லாரும் வாங்க."

அது பொய்யல்ல. மரத்தூளையும் பசையையும் குழைத்து, தழும்பின் பள்ளத்தை அப்போதுதான் நிரப்பியிருந்தேன். காய்ந்ததும் தேய்த்து, பழைய மையின் நிறம் ஏற்றினேன். நிதானமாகச் செய்தால் எதுவும் தெரியாது.

திங்கட்கிழமை குழுவினர் கட்டையைப் பார்த்தார்கள். தழும்பே இல்லை, தாளில் தெரிவது வெறும் மடிப்பு என்று முடிவு செய்தார்கள். அம்மா மட்டும் அந்தக் கன்னத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

"வழவழன்னு இருக்கு. என் புள்ள இல்ல போல. ஒன்னத்தான் வீணா அலைக்கழிச்சிட்டேன் தம்பி."

எனக்கென்று கொண்டுவந்த அரிசிப் பலகாரத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். பிறகு வரவில்லை.

கட்டையில் பசை எப்படி வந்தது என்று நீங்கள் கேட்டதால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஐயா. அவன் சோ இன்-சோல்தான். கட்டையைச் சுரண்டினால் தழும்பு கிடைக்கும். படத்தின் கீழுள்ள குறிப்பை மட்டும் மாற்றிவிடாதீர்கள். அதன் முன்னால் நின்று அழாதவர்கள் இல்லை. அந்த அம்மாவும் ஒருமுறை வந்து படித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.