சைவத் தாச்சி

சிப்ஸுக்கு முதலில் வினிகர், பிறகுதான் உப்பு. மாற்றிப் போட்டால் வினிகர் உப்பைக் கழுவிக்கொண்டு கீழே போய்விடும். மேலே இருப்பது சப்பென்றும் அடியில் கிடப்பது வாயில் வைக்க முடியாமலும் இருக்கும். இதை எனக்குச் சொல்லித் தந்தவன் ஜெயரட்ணம். அவனைப் பற்றிக் கேட்கத்தான் நீங்கள் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும். அங்கேதான் வருகிறேன். நான் சிட்னி ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவன், எனக்கு ஆங்கிலம் தெரியாமலில்லை. ஆனால் அவனைப் பற்றி நான் ஒருநாளும் ஆங்கிலத்தில் பேசியதில்லை. அதனால்தான் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டேன்.

நான் இருப்பது நார்த்மீட்டில். மனைவி ரஞ்சினி காலமான பிறகு தனியாகத்தான் இருக்கிறேன். ஜெயரட்ணமும் மனைவியை இழந்தவன், அவன் வீடு டூங்கபியில், மகன் அனுஷன் மெல்பேர்னில். கண்ணில் ஒப்பரேஷன் செய்த பிறகு அவன் கார் ஓட்டுவதில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் போய் அவனை ஏற்றிக்கொண்டு மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போவேன். பூசை முடிந்ததும் அவன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் யோகாவின் கடைக்கு வந்து, ஒரு பெரிய சிப்ஸ் வாங்கி, ஜன்னலோர மேசையில் காகிதத்தை விரித்து இருவரும் சாப்பிடுவோம். வெள்ளிக்கிழமையில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சாப்பிடாதவர்களுக்கு மீன் பொரிக்கிற கடையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். யோகா எங்கள் ஆள். அவள் கடைசி மூலையில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியை உருளைக்கிழங்குக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருந்தாள். அதற்குத் தனி எண்ணெய், தனிக் கரண்டி. கோயிலுக்குப் போய்வரும் நாங்கள், பொரிக்கிற சட்டியைச் சொல்வதுபோல, அதற்குச் சைவத் தாச்சி என்று பேர் வைத்திருந்தோம்.

ஜெயரட்ணத்துக்கு அந்தத் தாச்சி இன்னொரு விதத்திலும் உதவி. அவனுக்கு இறால் ஆகாது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு கலியாண வீட்டில் கட்லட் ஒன்றைக் கடித்துவிட்டு, உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது நான் கூட இருந்தேன். அதற்குப் பிறகு பேனா போன்ற ஒரு ஊசியை இடுப்புப் பையில் எந்நேரமும் வைத்திருந்தான். தொடையில் எப்படிக் குத்துவது என்று எனக்கும் காட்டித் தந்திருந்தான். என்னை விட்டால் அவனுக்குப் பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சிப்ஸை வெறும் உப்போடு சாப்பிட எங்களால் முடியாது. பாணுக்குப் பூசுகிற வெஜிமைட்டின் பழைய போத்தல் ஒன்றின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, அதில் நான் வீட்டில் வறுத்து அரைத்த மிளகாய்த்தூளை நிரப்பிக் கொண்டுபோவேன். யோகா அதைப் பார்த்து ஒவ்வொரு முறையும் சிரிப்பாள்.

"என்ர கடைச் சாப்பாட்டில உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்ன, அண்ணை?"

"உன்ர சாப்பாடு திறம் பிள்ளை. ஆனா உறைப்பு இல்லாட்டி உவனுக்கு இறங்காது," என்பேன்.

அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் மற்ற நாட்களைக் கழித்தேன். மற்ற நாட்களில் நான் வாய் திறந்து பேசுவது மருந்துக்கடைப் பெண்ணோடு மட்டும்தான். அவளும் பிறந்த திகதியைத்தான் கேட்பாள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தனிமை என்பது பெரிய வேதனை.

ஆடிச் செவ்வாய் எல்லாம் முடிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, சிப்ஸ் பாதி முடிந்திருந்த நேரம், அவன் விரலைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"மச்சான், அனுஷன் என்னை மெல்பேர்னுக்கு வரச் சொல்லுறான். வாற கிழமை சனி விடியப் பிளேன்."

"எத்தினை நாளைக்கு?"

"போறது போறதுதான். வீட்டையும் விக்கக் குடுத்திட்டன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு ஒரு சிப்ஸை இரண்டாக உடைத்தான்.

"நீயும் வாவன். பின்பக்கத்தில ஒரு அறை சும்மா கிடக்கு. அனுஷனும் கேக்கச் சொன்னவன்."

அது பேச்சுக்குச் சொன்னது. விட்டுப் போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் ஏதாவது சொல்வார்கள். மகனின் வார்த்தைக்காகக் கூட இருந்தவனை உதறுகிறவன், போகிற போக்கில் ஒரு அறையையும் வீசிவிட்டுப் போகிறான். எனக்குக் கோபம் வந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த நாளே தணிந்துவிட்டது. நிதானமாக யோசித்தேன். அவனுக்கு மெல்பேர்ன் ஒத்துவராது. குளிர் வேறு, மருமகளின் சமையல் வேறு. பயணம் ஒருமுறை தடைப்பட்டால் அவனே மனம் மாறிவிடுவான் என்று எனக்குத் தெரியும். கலியாண வீட்டில் நடந்ததற்குப் பிறகு கொஞ்சக் காலம் வீட்டு வாசலையே தாண்டாமல் இருந்தவன் அவன். நான்தான் சோறும் சொதியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவை நல்ல நாட்கள்.

ஆகவே கூனி இறால் ஒரு பக்கெட் வாங்கினேன். எங்கள் ஆட்களின் எல்லாக் கடைகளிலும் இருக்கிறது. காய்ந்து சுருண்ட சின்ன இறால்தான், நாங்கள் சம்பலுக்குப் போடுவது. வறுத்து மிளகாயோடு சேர்த்து அரைத்தேன். மணம் கொஞ்சம் வந்தது. ஆனால் மீன் கடைக்குள் அந்த மணத்தை யார் பிரித்து அறியப்போகிறார்கள்?

பயணத்துக்கு முதல்நாள், வெள்ளிக்கிழமை, கோயிலுக்குள் போகும்போது வழக்கம்போல அவன் சட்டையையும் இடுப்புப் பையையும் கழற்றி, காரில் வைக்கச் சொல்லி என்னிடம் தந்தான். ஊசியை அப்போதுதான் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று விளங்கப்படுத்துகிறேன். ஊசி கையில் இருந்தால் யோகா உடனே குத்திவிடுவாள். உடனே குத்தினால் ஆஸ்பத்திரியில் ஒரு இரவு வைத்திருந்து விட்டுவிடுவார்கள், அவனும் அடுத்த பிளேனில் போய்விடுவான். அவன் பயப்படும் அளவுக்கு அந்த மூச்சு வருத்தம் முற்ற வேண்டும். மிஞ்சிப் போனால் நானே குத்துவது என்பதுதான் என் எண்ணம். அதற்காகத்தான் அதைக் காரில் விடாமல், சால்வையில் சுற்றி என் மடியிலேயே வைத்திருந்தேன். நான் கவனமில்லாதவன் என்று யாரும் சொல்ல முடியாது.

கடையில் அன்று எங்களைத் தவிர யாருமில்லை. யோகா சிப்ஸைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இண்டைக்குக் காசு வேண்டாம், ஜெயரட்ணம் அண்ணை. பயணம் போறீங்கள். சைவத் தாச்சியிலதான் போட்டனான், புது எண்ணெய்."

அவன் வினிகரை ஊற்றி உப்பைப் போட்டான். நான் போத்தலைத் தட்டினேன். முதலில் நான்தான் சாப்பிட்டேன். நான் தொடாமல் இருந்தால் ஏன் என்று கேட்பான். பிறகு அவன் இரண்டு விரலால் அள்ளி வாயில் போட்டு, "நல்லா வறுத்திருக்கிறாய் மச்சான்," என்றான். இன்னொரு முறை அள்ளினான். நான் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கழுத்தைச் சொறிந்தான். தண்ணீர் குடித்தான். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தான், குரல் வரவில்லை. இடுப்பில் திரும்பக் கட்டியிருந்த பையைத் தொட்டுக் காட்டினான். நான் பையைத் திறந்து தேடினேன். யோகா ஓடிவந்து பையை மேசையில் கொட்டினாள்.

"ஊசி எங்க அண்ணை? எப்பவும் இதுக்கதானே வச்சிருக்கிறவர்?"

"காணேல்லை பிள்ளை."

"காரில பாருங்கோ, கெதியாப் போங்கோ."

நான் காருக்குப் போனேன். கதவைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்குள் அவன் கதிரையிலிருந்து சரிந்திருந்தான். யோகா அவன் தலையைத் தாங்கிக்கொண்டு ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். இதுதான் நேரம், இப்போது குத்தலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். சால்வைக்குள்ளிருந்து எடுத்தால், இவ்வளவு நேரமும் அது ஏன் என்னிடம் இருந்தது என்று அவள் கேட்பாள். அவனும் கேட்பான். கண் திறந்துதான் இருந்தது. அவன் என்னை அப்படி நினைத்துவிடுவான் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் பக்கத்தில் இருந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ் வரும்வரைக்கும் விடவில்லை. அவர்கள் வந்தபோது செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அவனைக் கொல்ல நான் நினைக்கவில்லை. பயணம் நிற்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

செத்தவீட்டில் அனுஷன் என் தோளைப் பிடித்து அழுதான். "அங்கிள், அப்பா உங்களுக்கும் சேர்த்துத்தான் அந்த அறைக்கு ரெண்டு கட்டில் வாங்கச் சொன்னவர். வாங்கி வச்சிட்டன்," என்றான். துக்கத்தில் இருக்கிற பிள்ளைகள் எதையாவது சொல்வார்கள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எடுத்தால் நித்திரை வராது. எரித்த பிறகு அனுஷன் சாம்பலைப் பிளேனில் மெல்பேர்னுக்குக் கொண்டுபோய்விட்டான். அங்கே கடலில் கரைத்தானாம். இவ்வளவு செய்தும் ஜெயரட்ணம் அங்கேதான் போய்ச் சேர்ந்தான். அந்த மகனை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது.

சரி, ஏன் இப்போது நானாகவே பொலிஸுக்கு வந்தேன் என்று கேட்டீர்கள். யோகாவின் கடை பூட்டியாயிற்று. சைவத் தாச்சியில் இறால் பொரித்திருக்கிறாள் என்று கோயிலில் கதை கிளம்பியது. சோதித்தவர்கள் எண்ணெயில் ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள், ஆனால் சனம் கேட்கவில்லை. அவள் தாச்சிக்கு முன்னால் நின்று, "நான் எதைக் கலந்தனான் அண்ணை, சொல்லுங்கோ," என்று என்னிடம் அழுதாள். மனம் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை பூசை முடிய எனக்குப் போக ஒரு இடமும் இல்லை. நான் சொன்னதை எல்லாருக்கும் சொல்லி, அந்தக் கடையைத் திறக்கச் செய்யுங்கள். ஜன்னலோர மேசையை அவள் எடுத்துவிடக் கூடாது.

வருத்தப்படுகிறீர்களா என்று கேட்கிறீர்கள். ஓம், வருத்தப்படுகிறேன். அந்த நாளை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அடுத்த நாள் விடியத் தலை முழுகிவிட்டுக் கோயிலுக்குப் போய் முருகனிடம் ஒளிக்காமல் எல்லாம் சொன்னேன். ஜெயரட்ணம் தெரியாமல் தின்றவன், அவனுக்கு அது தோஷமில்லை. தெரிந்து தின்றது நான். அறிவு வந்த காலம் தொட்டுக் காத்த விரதம். வெள்ளிக்கிழமையில் மச்சத்தை வாயில் வைத்தேன். அந்தக் குற்றத்தை நான் ஒருநாளும் மறுக்கமாட்டேன்.