ஃபோர்ஜ் வானொலியின் கடைசிக் காலையும் கோபுரத்து ரோஸ்மேரியும்

கையில் இடுக்கியை இறுக்கியபடி, இரண்டிரண்டு படிகளாகத் தாவி, கீழ்த்தளத்துக் கருவி அறையை நோக்கி மூச்சிரைக்க ஓடிய எங்கள் ரோஸ்மேரி ஹூடக் அவர்களே! பனி உறைந்த ஒலிபரப்புக் கோபுரத்தின் பாதுகாவலரே! கால்டர்வில் நகரத்தின் காற்றில் கிட்டார்களைக் கலந்த கைகளுக்குச் சொந்தக்காரரே! வணக்கம்.

உட்காருங்கள். பாராட்டு என்ற சொல் காதில் விழுந்தவுடனே, காரை நிறுத்திய இடம் சரியில்லை என்று எழுந்து போவது உங்கள் வழக்கம். அதனால் உங்களைப் பற்றிப் பேசப் போவதில்லை. ரோஸ்மேரி என்று வேறு யாரோ ஒரு பெண்மணி. அவர் கதையைத்தான் இந்த மடல் சொல்லப் போகிறது. உங்கள் பணி ஓய்வு விருந்து நடக்கும் இந்தத் தீயணைப்பு நிலையக் கூடத்துக்கு வாசல் ஒன்றுதான். அங்கே எங்கள் பழைய வரவேற்பாளர் லொரெய்ன் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறார் என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறோம்.

நிலையத்தின் பொறியாளரான அந்த ரோஸ்மேரி ஓடியதற்குக் காரணம், மேல்தளத்து ஒலிபரப்பு அறைக்குள் கில் பாஸ்டோரெக் கதவைத் தாழிட்டுக்கொண்டதுதான்.

கில் யார் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஃபோர்ஜ் நிலையத்தின் காலைக் குரல் அவர். சரளைக் கற்களைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கியது போன்ற குரல். கிட்டார் அலறாத பாட்டு எதையும் அவர் தன் வாழ்நாளில் ஒலிபரப்பியதில்லை. உருக்காலையை மூடிய வருடம், வேலை போனதை வீட்டில் சொல்லத் துணியாமல் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்களே அந்த ஆண்கள், அவர்களோடு தினமும் பேசியவர் அவர். “ஏரிக்கரைப் பசங்களா, இன்னைக்காவது வீட்டுல சொல்லித் தொலைங்கடா, அவளுக்கு எப்பவோ தெரியும்” என்பார். அடுத்த நொடி முரசுகள் இடியாய் இறங்கும். எத்தனை பேர் அந்தப் பாட்டு முடிவதற்குள் வண்டியைத் திருப்பினார்களோ, அது ஏரிக்குத்தான் வெளிச்சம்.

இனி அந்தக் காலைக்கு வருவோம்.

வானொலித் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் மறுபடி மைக்கைத் தொடக்கூடாது. ஆத்திரத்தில் என்ன உளறுவாரோ என்று முதலாளிகளுக்குப் பயம். அதனால் எத்தனை வருடம் ஊரோடு பேசியவராக இருந்தாலும் சரி, இன்று குரல் இருக்கும், நாளை இருக்காது. நன்றி கிடையாது, வருகிறேன் கிடையாது. கல்லறைக்குக்கூட ஒரு கல் உண்டு. வானொலிக்காரரின் முடிவுக்கு அதுவும் இல்லை.

அந்தப் பிப்ரவரிக் காலையில் பாட்டுக்கு நடுவே காபி எடுக்க வந்த கில், முன்னறையில் மடித்து அடுக்கிய அட்டைப்பெட்டிகளைப் பார்த்தார். வரவேற்பில் அமர்ந்திருந்த லொரெய்னிடம் கேட்டார்.

“யாரு வீடு மாத்துறாங்க?”

“தெரியல கில். நார்ம் வரவழைச்சாரு.”

“எத்தனை?”

லொரெய்ன் பெட்டிகளைப் பார்த்தார். அப்புறம் எங்களைப் பார்த்தார். எல்லோரையும் வேலையிலிருந்து அனுப்பத்தான் அவை என்று புரிந்து முகம் வெளுத்துவிட்டது. “ஆளுக்கு ஒண்ணு இருக்கும் போல.”

“எனக்கு வேணாம். என் கப்பு ஏற்கெனவே உடைஞ்சதுதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார் கில். இசைத்தட்டு அலமாரியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தார். அவர் மைக்கில் ஊரிடம் விடைபெறப் போகிறார் என்று எங்கள் எல்லோருக்கும் அந்தக் கணமே புரிந்தது. உள்ளுக்குள் கைதட்டினோம். முட்டாள்தனமாகத்தான்.

ஏனென்றால் நிலைய மேலாளர் நார்ம் கெசெல் தன் அறையிலிருந்து ஓடி வந்த வேகம் வேறு மாதிரி இருந்தது. நிலையத்தை வாங்கிய தூரத்து நகர நிறுவனத்தின் வழக்கறிஞர் அவரிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்லியிருந்தார். விற்பனையைப் பற்றியோ விடைபெறுவது பற்றியோ ஒரு சொல் காற்றில் போனால், ஊழியர்களில் எவருக்கும் ஆறு மாத மருத்துவக் காப்பீடு கிடையாது.

லொரெய்னின் கணவர் எட் அப்போது அந்தக் காப்பீட்டை நம்பித்தான் டயாலிசிஸில் இருந்தார்.

“டேய் கில்! தொறடா! உன்னால எல்லாருக்கும் போகுது! எட்டை நெனச்சுப் பாரு!” நார்ம் கதவை இரண்டு கைகளாலும் அறைந்தார். அந்த அறை ஒலிபுகாத அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கில் எதுவும் கேளாமல், உடைந்த கப்பை உயர்த்தி நார்முக்கு ‘சியர்ஸ்’ காட்டினார்.

நார்ம் திரும்பினார். “ரோஸ், கீழ போ. வெட்டு.”

“எதை?”

“அவனைத்தான். பாட்டு முடியறதுக்குள்ள.”

அந்தப் பாட்டு ரோஸ்மேரிக்கு மனப்பாடம். கடைசியில் முரசுக்காரர் தனியாக ஆடித் தீர்ப்பார், பிறகு ஒரே ஒரு தாளத் தட்டு, பிறகு மௌனம். மௌனத்தில் கில் மைக்கைத் திறப்பார். முரசு தொடங்கியபோது அவர் கடைசிப் படியில் இருந்தார்.

கருவி அறையில் அவர் கை இரண்டு கம்பிகளுக்கு நடுவே நின்றது. இந்தப் பக்கம் எட்டின் உயிர். அந்தப் பக்கம் தன் தோழனின் கடைசிச் சொல். எதைக் கொடுப்பது? யாரிடம் கேட்பது? முரசு ஓய்ந்துகொண்டிருந்தது.

மலைமேல் கோபுரத்துக்குப் போகும் கம்பியைப் பிடுங்கினார். அவசரத்துக்கென்று வைத்திருந்த இசைத்தட்டை அந்த வழியில் ஓடவிட்டார். பிறகு, யாரும் சொல்லாமல், யாரையும் கேட்காமல் இன்னொன்று செய்தார். கில்லின் மைக்கைக் கட்டடத்துக்குள்ளேயே சுற்றிவிட்டார். கூடத்து ஒலிபெருக்கிகளிலும் கில்லின் காதுகளிலும் கில்லின் குரலே திரும்பி வரும்படி செய்தார். தாளத் தட்டு அடித்தது.

“காலை வணக்கம் கால்டர்வில்.”

உடனே இன்டர்காம் அலறியது. “ரோஸ்! இன்னும் கேக்குதே!”

“கட்டடத்துக்குள்ள மட்டும்தான் நார்ம். வெளிய ஒரு எழுத்து போகல. நம்பலேன்னா கார் ரேடியோவைப் போட்டுப் பாரு.”

“எதுக்கு உள்ள மட்டும்?”

“அவன் பேசி முடிக்கட்டும். அவனுக்குத் தெரிய வேணாம்.”

நார்ம் கோட்டு இல்லாமல் பனியில் காருக்குப் போனார். திரும்பி வந்து, லொரெய்னின் மேசை ஓரத்தில் உட்கார்ந்து, கில் பேசி முடிக்கும்வரை கேட்டார். அவரைப் பற்றி நாங்கள் சொல்லக்கூடிய நல்ல வார்த்தை இது ஒன்றுதான், சொல்லிவிட்டோம்.

கில் முதலில் ஊரோடு பேசினார். உருக்காலையைப் பற்றி, ஏரியைப் பற்றி, பனியில் சிக்கிய பள்ளிப் பேருந்துகளைப் பற்றி. பிறகு சற்று நேரம் நிறுத்தினார். பிறகு எங்களைப் பற்றி ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார். வெளியே சொல்லக் கூச்சப்படும் விஷயங்கள். கடைசியில்: “கீழ ஒருத்தி இருக்கா. என் குரலைத் தோள்ல போட்டு மலைமேல தூக்கிட்டுப் போனவ. ஐஸ் விழுற கோபுரத்துல ஏறி, கைவிரல் மரத்துப்போய் வந்து, ‘இன்னைக்கு ஓவராப் பேசின கில்’னு சொல்லுவா. அவளுக்கு நான் நன்றியே சொன்னதில்ல. சொன்னா எந்திரிச்சுப் போயிடுவா. இப்ப எந்திரிக்க முடியாது பாரு. நன்றி ரோஸி.”

ரோஸ்மேரி சூடான இயந்திரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். இதை ஊர் கேட்டிருக்க வேண்டும். கேட்கவிடாமல் செய்தது தன் கை. இடுக்கியைத் தூக்கி மூலையில் எறிந்தார்.

மதியத்துக்குள் நாங்கள் பெட்டிகளோடு வெளியே இருந்தோம். காப்பீடு கிடைத்தது. எட் கோடையைப் பார்த்தார், இலையுதிர்காலத்தையும் பார்த்தார். அதற்குமேல் அவருக்கு நாள் இல்லை. ஆனால் அந்த நாட்கள் அவருடையவை.

கோபுரத்துக்கு ஆள் தேவைப்பட்டதால் ரோஸ்மேரியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதன்பின் அவர் காத்தது எங்கள் நிலையத்தை அல்ல, அதன் சடலத்தை. எங்கோ தூரத்தில் ஒருமுறை பதிவு செய்த குரல், நம் ஏரியின் பெயரைத் தப்பாக உச்சரித்து, முழங்காலளவு பனி கிடக்கும் நாளில் “இனிய வெயில்” என்று வாழ்த்தும். அந்தக் குரல் தடையில்லாமல் ஒலிக்க வேண்டும் என்பதற்காக அவர் ஏணி ஏறினார். எங்களில் சிலர் அவரோடு பேசுவதைக்கூடக் குறைத்துக்கொண்டோம், வேலை நிலைத்தவர் என்ற பொறாமையில்.

கில் வண்ணப்பூச்சுக் கடையில் சேர்ந்தார். ரோஸ்மேரி தேவையே இல்லாமல் தூரிகை வாங்கப் போவார். போகும்போதெல்லாம் கில் ஒரு செய்தி வைத்திருப்பார்.

“நேத்து ஒரு ஆளு வந்தான் ரோஸி. அன்னைக்கு நான் பேசினதைக் கேட்டுட்டுப் பாலத்து மேல வண்டியை ஓரங்கட்டி அழுதானாம்.”

“அப்படியா?”

“இன்னொரு அம்மா, அடுப்புல ரொட்டியைக் கருக விட்டுட்டாங்களாம். புருஷன் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுறானாம்.”

“நல்லா வேணும்” என்பார் ரோஸ்மேரி. அப்புறம் காருக்குள் வந்து சாவியைப் போடாமல் உட்கார்ந்திருப்பார். ஊர்க்காரர்கள் மரியாதைக்காகப் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்தார். அந்தக் காலையில் தான் கேட்கவில்லை என்று எந்தக் கால்டர்வில்காரர் ஒப்புக்கொள்வார்? பாவம், கில் நம்புகிறான். நம்பவைத்தது நான். ஒவ்வொரு தூரிகைக்கும் இந்த விலையைக் கொடுத்தார்.

போன வசந்தத்தில் கில்லின் நுரையீரல் ஓய்ந்தது. அடக்கம் முடிந்து, தேவாலயக் கூடத்தில் எல்லோரும் பியரோகிக் கொழுக்கட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரோஸ்மேரி உள்ளே வரவில்லை. தேடிப்போன லொரெய்னிடம் கார் கண்ணாடியை இறக்கிச் சொன்னார்: “நான்தான் வெட்டுனேன் லொரெய்ன். ஊர் கேட்டுச்சுன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டான். அவன்கிட்ட நான் சொல்லவே இல்ல.” லொரெய்ன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் ஒருவர் மட்டும் சொல்லக்கூடியதல்ல. நாங்கள் அனைவரும் சேர்ந்து வாக்குக் கொடுத்துப் பூட்டி வைத்தது.

வேறு யாரோ என்று சொன்னது போதும். அம்மையீர், இனி உங்களிடமே பேசுகிறோம்.

முப்பத்தெட்டு ஆண்டுகள்! நீங்கள் ஓய்வு பெறுவதற்கு உங்கள் நிறுவனம் ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பியது என்று அறிகிறோம். அதில் உங்கள் பெயரையும் தப்பாக எழுதியிருந்தார்களாம். கவலை வேண்டாம், அவர்களுக்கு ஏரியின் பெயரே தெரியாது. இடிக்கு அஞ்சாத இதயமே, இரும்பினும் இளகாத உறுதியே, இறுகிய முகத்துக்குள் ஈரம் மறைத்த எங்கள் தோழியே! இனி உங்கள் முழங்கால்கள் ஏணிகளை மறக்கட்டும். பனிப்புயல் எச்சரிக்கை வந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் சுகம் உங்களுக்கு நெடுங்காலம் வாய்க்கட்டும். மருத்துவர்கள் உங்களிடம் அலுத்துக்கொள்ளும் அளவுக்கு ஆரோக்கியமாக இருங்கள். அந்த மலையிலிருந்து எங்கள் நிலையம் இனி ஒருபோதும் ஒலிக்காது. அதை நாங்கள் அறிவோம். நீங்களாவது இருங்கள்.

இப்போது அந்தப் பதில்.

ரோஸ்மேரி அவர்களே, அன்று நீங்கள் ஒலிபெருக்கியை நினைத்தீர்கள், கில்லின் காதுகளை நினைத்தீர்கள். கீழ்த்தளத்திலும் மலைமேலும் காலம் கழித்தவர் என்பதால் ஒன்றை நினைக்கவில்லை. கில் வாயைத் திறந்தால் அவர் மேசைத் தொலைபேசியின் விளக்குகள் வரிசையாக மின்னத் தொடங்கும். ஊர் அழைக்கும். திட்டவாவது அழைக்கும். அன்று அவர் கிளம்புகிறேன் என்று சொன்னார். ஒரு விளக்கும் எரியவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்ற நாங்கள் பார்த்தோம். அவரும் குனிந்து பார்த்தார். அப்போதுதான் சற்று நேரம் நிறுத்தினார். அதன்பிறகு அவர் ஊரின் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அவர் பேசியதெல்லாம் அந்தக் கட்டடத்துக்குள் இருந்தவர்களுக்கு, அதாவது நமக்கு மட்டும்.

பாலத்தில் அழுதவன் என்று ஒருவன் இல்லை. ரொட்டியைக் கருகவிட்ட பெண்ணும் இல்லை. கடைக்கு வந்தவர்கள் உண்மையில் கில்லிடம் கேட்டது, “இத்தனை வருஷம் பேசினியே, போறேன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?” என்பதுதான். “மறந்துட்டேன்யா” என்று சொல்லிவிட்டு வண்ணம் கலக்கப் போவார்.

அன்று அலமாரியைத் தள்ளிவிட்டு வெளியே வந்தவரிடம் லொரெய்ன் காப்பீட்டு விஷயத்தையும் நீங்கள் கம்பியைப் பிடுங்கியதையும் சொன்னார். கில் அட்டைப்பெட்டிகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். “எட்டை நான் கொன்னிருப்பேனே” என்றார். கீழேயிருந்து நீங்கள் படியேறி வரும் சத்தம் கேட்டது. அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கள் எல்லோரையும் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“அவ முகத்தைப் பாத்து யாரும் உளறிடாதீங்க. ரோஸ் கேட்டா, ஊரே கேட்டுச்சுன்னு நான் நம்பிக்கிட்டிருக்கேன்னு சொல்லுங்க.”

அந்தக் கட்டடத்துக்குள் உங்களோடு சேர்ந்து கேட்டவர்கள்,
ஃபோர்ஜ் வானொலியின் முன்னாள் ஊழியர்கள்,
கால்டர்வில், ஒஹாயோ.