பதினோராவது வெங்காயம்

— நான் அழலடா குட்டி, இது வெங்காயம் பண்ற வேலை. அப்பா அழுது நீ எப்பவாவது பாத்திருக்கியா?

— போன மாசம் உங்க பஸ் கண்ணாடியில கீறல் விழுந்தப்ப.

— அது வேற. பஸ் ஓட்டுறவனுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்காதா? சரி, கவனி. வெங்காயம் எப்படி நறுக்கணும்னு இப்பப் புரிஞ்சுதா?

— பாதி புரிஞ்சுதுப்பா. இன்னொண்ணு நறுக்கிக் காட்டுங்களேன்.

— இது பதினோராவது வெங்காயம். டிப்போல இருக்கிற அத்தனை டிரைவருக்கும் சேர்த்து நறுக்கியாச்சு.

— நான் நறுக்குறேன்னா விட மாட்டேங்கிறீங்களே.

— எப்படி விடுவேன்? உங்கம்மா போட்ட சட்டம் என்ன?

— கத்தி, அடுப்பு ரெண்டையும் நான் தொடக் கூடாது. நீங்க செஞ்சு காட்டணும், நான் பாத்துக் கத்துக்கணும். அதெப்படிப்பா தொடாமலே சமையல் வரும்?

— ஏன் வராது? முதல்ல கண்ணு கத்துக்கணும், கை தானா வரும். நான் அப்படிப் பாத்தே பஸ் கத்துக்கிட்டவன். நீ சமைக்கக் கத்துக்கிட்டேன்னு உன் வாயால சொன்னாத்தான் அவ அந்தப் பயிற்சிக் கடிதாசில கையெழுத்து போடுவா. இன்னைக்குத்தான் கடைசி நாள். ஆறு மாசம் வெளியூர்ல இருந்து படிச்சுட்டு வந்தா, அவ வேலை பாக்குற ஆய்வுக்கூடத்துக்கே அவதான் தலைமை. எட்டு வருஷமாக் காத்திருந்த இடம்டா. என் பொண்ணுக்கு ஒரு வெங்காயம் நறுக்க வரலைன்னு அது கைநழுவிப் போகலாமா?

— ஏன், அம்மா இல்லாதப்ப நீங்க சமைக்கலாமே?

— எனக்கென்ன, தெரியாமலா? கல்யாணத்துக்கு முன்னாடி ஒத்தை ஆளா முந்நூறு பேருக்குச் சமைச்சுப் போட்டவன்.

— போன வாரம் நூத்தம்பது பேர்னு சொன்னீங்க.

— மீதிப் பேர் பந்திக்கு லேட்டா வந்தாங்க. மணி என்ன?

— பன்னெண்டே கால். அம்மா பன்னெண்டரைக்கு போன் பண்ணும்.

— கால் மணி நேரம்தான் இருக்கு. எண்ணெய் காயுதான்னு பாரு. எட்டி நின்னு பாரு.

— எண்ணெய் காயறதுக்கு முன்னாடியே வெங்காயம் போட்டா என்னப்பா?

— கூடவே கூடாது. அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன்.

— செவ்வாய்க்கிழமை போட்டீங்களே.

— போட்டா என்ன ஆகும்னு உனக்குக் காட்ட வேண்டாமா?

— சோறு அடிப்பிடிச்சது?

— அதுவும் பாடம்தான். மூணு தெரு தாண்டி டிப்போல கேட்டாங்க, உங்க வீட்டுப் பக்கம் என்ன புகைன்னு. என் பொண்ணு சமையல் படிக்கிறான்னேன்.

— அரிசியை சோப்புப் போட்டுக் கழுவணுமான்னு என்கிட்ட கேட்டீங்களே, அது?

— உன்னைச் சோதிச்சேன். பேச்சை மாத்தாதே. இப்ப பாரு, வெங்காயம் வதங்கும்போது தீயை ரெண்டாவது கியருக்கு இறக்கணும். தக்காளி போட்டதும் கிண்டிக்கிட்டே இருக்கணும், நடுவுல ஹாரன் அடிக்கிற வேலையெல்லாம் வேண்டாம். சோத்துப் பானையை எப்பவோ அணைச்சாச்சு. மூடியைத் திறக்குறேன், நீ தள்ளி நில்லு. ஆவி அடிக்கும்.

— அப்பா, உதிரி உதிரியா வந்திருக்கு.

— கத்தாதே, கலைஞ்சிடப் போகுது.

— உப்பு?

— போட்டாச்சு. தக்காளியில முக்கால் ஸ்பூன், ருசி பாத்துட்டு இன்னும் ஒரு சிட்டிகை.

— நான் கேக்குறதுக்கு முன்னாடியேவா? நீங்களாவே போட்டீங்களா?

— பின்னே, பக்கத்து வீட்லேருந்து ஆள் வந்தா போடும்? வாயை மூடிக்கிட்டு கல்லுல ஊத்தின முட்டையைப் பாரு. நாலு நாளா கிழிஞ்ச முட்டை. இப்ப திருப்பப் போறேன். மூச்சு விடாதே.

— விடல.

— ஒண்ணு. ரெண்டு.

— திரும்பிடுச்சுப்பா. முழுசா, கிழியாம.

— எப்படி? ஏழு மலை வளைவுல ஒரே கையால பஸ்ஸைத் திருப்பினவன்டா உங்கப்பன். அட, நீ கத்துக்கிட்ட பாரு. சோறு, தக்காளி, முட்டை, முழுச் சாப்பாடு. இரு, கீழ் வீட்டுத் தையல்காரர்கிட்ட சொல்லிட்டு ஓடி வரேன். என் பொண்ணு சமைச்சுட்டான்னா நம்பவே மாட்டார் மனுஷன். அம்மா போன் வந்தா எல்லாம் வந்துடுச்சுன்னு தைரியமா சொல்லு, என்ன?

— சொல்றேன்ப்பா. செருப்பை மாத்திப் போட்டிருக்கீங்க. மெதுவாப் போங்க.

— ஹலோ, குட்டியா? அம்மா பேசறேன். பேனாவைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். என்ன ஆச்சு?

— சோறு குழையல, முட்டை கிழியல. இன்னைக்கு உப்புகூட நான் எடுத்துக் குடுக்கல. போன லீவுல நீ எனக்குச் சொல்லிக் குடுத்ததெல்லாம் அப்பாவுக்கு வந்துடுச்சும்மா. கையெழுத்துப் போட்டுடு. பாடம் தனக்குத்தான்னு அவருக்குத்தான் இன்னும் தெரியாது.