பேசும் தலைக்குச் சம்பளம் மூணு ரூபாய்

இரு செண்பகம், அவசரப்படுத்தாத. எனக்கு ஒண்ணை வரிசையாச் சொல்ல வராது. அஞ்சாங்கிளாசோட நிப்பாட்டிட்டாவ, அதுலயிருந்தே இப்படித்தான். முன்னாடி சொல்லவேண்டியதைப் பின்னாடி சொல்லி, சொல்லக்கூடாததை முதல்ல சொல்லிப்புடுவேன். இன்னைக்கு அப்படி ஏதும் ஆகி நீ எந்திரிச்சுப் போயிட்டேன்னு வையி, என் கதி அதோகதி. அதனால சம்பளத்துலயே ஆரம்பிக்கேன்.

மூணு ரூபா. ஒரு நாளைக்கு மூணு ரூபா. சாயந்தரம் அஞ்சு மணியிலருந்து பொருட்காட்சி சாத்துத வரைக்கும். நடுவுல ஒரு டீ, ஒரு பன்னு. பன்னு முதலாளி கணக்கு, டீ உன் இஷ்டம். ஆனா நாலு மணிக்குப் பொறவு டீ குடிக்காத, ஏன்னு பொறவு சொல்லுதேன்.

என்னளா முகத்தைச் சுழிக்க? உப்பளத்துல உனக்கும் உங்க அம்மை சீனித்தாய்க்கும் என்ன தாராவ? ஆளுக்கு ரெண்டே முக்கால்தானே. அதுக்கு விடியக்காலம் போயி, பாத்தி பாத்தியா நின்னு, தலையில சொமந்து, கண்ணெல்லாம் செவந்து, உள்ளங்காலு வெடிச்சு. இங்கன ஒண்ணும் சொமக்க வேண்டாம். உன் தலையை மட்டும் நீயே சொமந்தாப் போதும்.

ஆமா, தலைதான் வேலை. வெளிய போர்டு பாத்தேல்லா, உடம்பில்லாத பெண், கேள்விக்குப் பதில் சொல்லும் அதிசயம்னு எழுதியிருக்குமே. அது நான்தான்.

சிரிக்காதளா. மேசையைப் பாரு. மூணு காலுதான். காலுக்கும் காலுக்கும் நடுவுல ரெண்டு கண்ணாடி நிறுத்தியிருக்கு. கண்ணாடியில பக்கத்துல தொங்குத கறுப்புத் துணி தெரியும். முன்னால நிக்கவனுக்கு அது மேசைக்குப் பின்னால உள்ள துணின்னு நெனைப்பு, மேசைக்கு அடியில ஒண்ணுமே இல்லன்னு நெனைப்பு. கண்ணாடிக்குப் பின்னால ஸ்டூல் போட்டு நாம உக்காந்திருப்போம். பலகையில உள்ள ஓட்டையில கழுத்து வரும், சுத்தி ரெண்டு துண்டாத் தட்டு வச்சு மூடிருவாவ. அம்புட்டுத்தான். முதல் நாள் எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. தட்டுல தலையை வச்சுட்டு உக்காந்தா, நம்ம உடம்பு நமக்கே இருக்கா இல்லையான்னு சந்தேகமாப் போயிரும். கொசு கடிக்கும்போதுதான் இருக்குன்னு தெரியும். சொறிய முடியாது, ஒண்ணுக்குப் போக எந்திரிக்கவும் முடியாது, கண்ணாடி ஆடிரும். அதுக்குத்தான் சொன்னேன், நாலு மணிக்குப் பொறவு டீ வேண்டாம்னு.

வேலையில மேல வர வழி உண்டான்னு கேக்குத. நல்ல கேள்வி. உனக்கு என்னைவிடப் புத்தி இருக்கு, நான் இதைக் கேக்காமலே சேந்தவ. பத்து நாளைக்குப் பொறவு அரை ரூபா கூட்டித் தருவாரு முதலாளி. சுந்தரராஜ்னு பேரு, மதுரைப் பக்கத்து ஆளு. மோசமில்ல, சனிக்கிழமை தவறாமத் தந்திருவாரு. கடல்கன்னிக்கு ஆறு ரூபா. ஆனா தொட்டித் தண்ணியில வாலைக் கட்டிக்கிட்டுக் கிடக்கணும், அந்தப் பிள்ளைக்கு எப்பம் பாத்தாலும் சளி. ராட்டினத்துல தள்ளுத பயலுவளுக்கு அஞ்சு ரூபா. அது ஆம்பளையளுக்கு, அதுவும் குரங்கு மாதிரி ஏறத் தெரிஞ்சவனுக்கு. பொம்பளையளுக்கு நல்ல எடம்னா பொம்பளையள் டிக்கெட் கவுண்டர்தான். நாலு ரூபா, மின்விசிறி, நாற்காலி, உடம்பும் தலையும் சேந்தே இருக்கும். மாதா கோயில் திருநாள் முடிஞ்சு கம்பெனி நாகர்கோயில் போவும், அங்கயும் கூட்டிட்டுப் போவாவ.

ஆளு தெரிஞ்சிரும்னு பயமா? நானும் அப்படித்தான் பயந்தேன். முகத்துல பச்சைச் சாயம், நெத்தியில ஜிகினா, அட்டைக் கிரீடம், செவப்பு பல்பு. ஆனா அதெல்லாம் காரணமில்ல. காரணம் என்ன தெரியுமா? நூறு பேரு வந்தா தொண்ணூறு பேரு மேசைக்கு அடியிலதான் குனிஞ்சு பாக்கான். இல்லாத உடம்பைத்தான் தேடுதான், இருக்க முகத்தை எவன் பாக்கான். குரலுக்கும் வழி இருக்கு. நாடகத்துல பேசுத மாதிரி இழுத்துப் பேசணும். மானிடனே, உன் கேள்வி யாதுன்னு. முதல் ரெண்டு நாளு எனக்கே சிரிப்பு வந்து தட்டு கிடுகிடுன்னு ஆடிட்டு.

இல்ல, தெரிஞ்சவங்களே வந்தாவ. எங்க எதிர்வீட்டு பிலோமி வந்தா. அவ செப்புக்குடம் நாலு மாசமாக் காணோமாம், களவாண்டவ யாருன்னு கேக்கா. அந்தக் குடம் எங்க அடுப்படியிலதான் கிடக்கு. நான்தான் இரவல் வாங்கினேன். திருப்பிக் கொடுக்க மறந்துபோச்சு, பொறவு கொடுக்க வெக்கமாப் போச்சு, அவளும் யாருக்குக் கொடுத்தோம்னு மறந்துபோயிட்டா. நான் என்ன செய்ய? களவு போகவில்லை பெண்ணே, வெள்ளிக்கிழமை விடியுமுன்னே கிழக்கே இருந்து உன் வாசலுக்கு வரும்னு சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை இருட்டோட எந்திரிச்சு, புளி போட்டு விளக்கி, அவ வாசல்ல வச்சுட்டு வந்துட்டேன்.

சந்தோசப்படாத. வினையே அங்கதான் ஆரம்பிச்சுது. அவ தெரு முழுக்கச் சொல்லிட்டா. தலை சொன்னா பலிக்குன்னு. மறுநாளு கூட்டம் ரெண்டு மடங்கு. முதலாளி தனிக்கேள்வின்னு புதுசா ஒண்ணு வச்சாரு. அதுக்கு ஒரு ரூபா டிக்கெட்டு. கூட்டத்தை வெளிய அனுப்பிட்டு, மைக் பிடிக்குத எஸ்றாவும் திரைக்கு அந்தப்பக்கம் போயிருவான். கேக்குத ஆளும் தலையும் மட்டும்தான். தனிக்கேள்வி முடிஞ்சதும் ஒண்ணு சொல்லணும்னு முதலாளி எனக்குப் பாடமாக் கத்துக்கொடுத்திருக்காரு. நாளை உன் குடும்பத்தோடு வா, மீதியைச் சொல்லுகிறேன். அப்பத்தானே நாலு டிக்கெட்டு சேரும். இதை நல்லா ஞாபகத்துல வச்சுக்கோ, இதுலதான் நான் மாட்டுனேன்.

சொல்லுதேன், சொல்லுதேன். எங்க வீட்டுக்காரவிய தோணிக்காரரு. கொழும்புக்குக் கூரை ஓடும் வெங்காயமும் ஏத்திட்டுப் போற தோணியில பாய்மரம் ஏறுத ஆளு. சிலுவைன்னா துறைமுகத்துல எல்லாருக்கும் தெரியும். ஆடிக் காத்துக்குத் தோணியெல்லாம் கரையில கிடக்கு, அவியளும் வீட்டுல கிடக்காவ. வீட்டுல அரிசி இல்ல. நான் வேலைக்குப் போறேன்னு சொன்னா விடுவாவளா? சிலுவை பொண்டாட்டி சம்பளத்துக்குப் போறான்னு நாலு பேரு சொல்லிருவாவளாம். அதனால மாதா கோயில் நவநாள் செபத்துக்குப் போறேன்னு சொல்லி, முக்காடு போட்டு, கையில செபமாலையும் எடுத்துட்டுக் கிளம்பி வந்திருவேன். மாதா மன்னிப்பா. மன்னிப்பாதானே? எனக்கு அது ஒரு பயம் உள்ளுக்குள்ள இருந்துக்கிட்டே இருக்கு. திருநாள் முடிஞ்சதும் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிரணும். ஆனா சாமியாரே போன செவ்வாக்கிழமை தலையைப் பாக்க வந்தாரு, அவருகிட்ட எந்த வாயால சொல்ல.

நேத்து சாயந்தரம் தனிக்கேள்விக்குத் திரையைத் தள்ளிட்டு ஒரு ஆளு உள்ள வாராவ. பாத்தா எங்க வீட்டுக்காரவிய.

எனக்குக் கையும் காலும் போச்சு. கையும் காலும் இருக்கதே யாருக்கும் தெரியாது, அது வேற. அவியளும் எல்லாரையும் மாதிரி ரெண்டு தரம் மேசைக்கு அடியில குனிஞ்சு பாத்தாவ. பொறவு மேசைக்கு முன்னால கட்டியிருக்க கயித்தைப் பிடிச்சுக்கிட்டுத் தரையையே பாத்துட்டு நிக்காவ. மானிடனே, கேள்னு சொன்னேன். எப்படிச் சொன்னேன்னே தெரியல.

போன பங்குனியில நடுக்கடல்ல ஒரு காத்து அடிச்சுதாம். மரத்து மேல இருந்தவியளுக்குப் பிடிமானம் விட்டுப்போச்சாம். ஒத்தைக் கையில தொங்கிக்கிட்டே ரொம்ப நேரம் கிடந்தாவளாம். பொறவு இறக்கிட்டாவ, ஒண்ணும் ஆகல. ஆனா அதுலயிருந்து மரத்துல கால வச்சா முழங்கால் ரெண்டும் ஆடுதாம். இனிமே ஏறினா விழுந்திருவேன் தாயேன்னு சொல்லுதாவ. என்னைப் பாத்து, தாயேன்னு. திருநாள் முடிஞ்ச மறுநாள் தோணியை நடத்துத தண்டல் ஆள் எடுப்பாவ, போகலன்னு சொல்லணும், ஆனா முதல்ல பொண்டாட்டிகிட்ட சொல்லணுமே. இருபத்திரெண்டு வருசமா அவகிட்ட கடல்னா எனக்கு வீட்டு முற்றம்னு பேசிப்புட்டேன், இப்பம் எப்படிச் சொல்ல, நீயே சொல்லிரு, நீ சொன்னா அவ கேப்பா, குடம் வந்ததுலயிருந்து அவளும் உன்னையத்தான் பெருமையாப் பேசுதான்னு.

பேசத்தானே செஞ்சேன். வேற என்ன செய்ய.

எனக்குக் கண்ணு நிறைஞ்சுட்டு. துடைக்கக் கையை வெளிய எடுக்க முடியாது. பச்சைச் சாயம் கரைஞ்சு வாயில இறங்குது. என்ன சொல்லன்னு தெரியாம, வாய் பழக்கத்துல, நாளை உன் குடும்பத்தோடு வா, மீதியைச் சொல்லுகிறேன்னு சொல்லிட்டேன். பாடமாக் கத்துக்கொடுத்ததுதானே வரும். அவியளும் கும்பிட்டுட்டுப் போயிட்டாவ. நான் வீட்டுக்குப் போனா, ஹில்டா, நாளைக்கு ஒரு நாளு நவநாள் வேண்டாம், பொருட்காட்சிக்குப் போவோம், நீ பெருமையாச் சொல்லுவியே, அந்தத் தலையைப் பாக்கலாம்ங்காவ. அப்படியான்னு கேட்டேன்.

உண்மையைச் சொல்லலாம்னு சொல்லுத. உனக்குக் கல்யாணம் ஆகல, அதனாலதான் சொல்லுத. பொண்டாட்டி முன்னாலதான் நின்னு தாயேன்னு கும்பிட்டோம்னு தெரிஞ்சா அந்த மனுசன் என்ன செய்வாவ தெரியுமா? வீம்புக்கே தோணி ஏறிருவாவ. முழங்கால் ஆட ஆட ஏறிருவாவ. சம்பளம், நவநாள், பொய், அதெல்லாம் போட்டும், ஏசுனா ஏசட்டும். அவிய மரத்துல ஏறப்பிடாது. எனக்கு அதுதான்.

இப்பம் புரிஞ்சுதா? ஆறு மணி ஆட்டத்துக்கு நான் அவிய பக்கத்துல பட்டுச்சீலை கட்டிட்டு நிக்கணும். தட்டுல வேற தலை இருக்கணும். இங்கன புதுசா ஆள் எடுக்கல செண்பகம். உங்க அம்மைகிட்ட ஆள் எடுக்காவன்னு சொல்லிவிட்டதே நான்தான். காலி இருக்கது என் ஸ்டூலுதான்.

கோவப்படாத, சம்பளம் நெசம். சொல்லவேண்டியது நாலே நாலு வரி. சிலுவை, கடல் உன்னை அனுப்பிவிட்டது, இனி கரையிலேயே பிழைத்துக்கொள். இது ஒண்ணு. ஹில்டா, அவன் சொல்ல நினைத்ததை நான் சொன்னேன், நீ அவனை ஒன்றும் கேட்காதே. இது ரெண்டு. மூணாவது கொஞ்சம் கெட்டியாச் சொல்லணும். சிலுவை, உன் மனைவியை இந்தப் பொருட்காட்சியிலேயே பெண்கள் டிக்கெட் கவுண்டரில் உட்கார வை, தடுக்காதே. முதலாளிகிட்டப் பேசியாச்சு, தலைக்கு ஆளைக் கொண்டுவந்தா எனக்குக் கவுண்டர்னு சொல்லிட்டாரு. நாலாவது, நாளை உன் குடும்பத்தோடு வா. இல்ல இல்ல, அதைச் சொல்லாத, சாமி.

நான் அழுவேன். நெசமாவே அழுகை வந்தாலும் வரும். நீ என்னையப் பாக்காத, அவியளைப் பாத்தே சொல்லு.

தலை சொல்லியும் அவிய கேக்கலன்னாவா? அதை நான் யோசிக்காம இருப்பேனா. காலையில மீன் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு நேரா தண்டல் மனுவேல் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். எங்க வீட்டுக்காரவியளுக்கு மூலம், ரத்தமாப் போவுது, பலகையில உக்கார முடியாது, வெளிய சொல்ல வெக்கப்படுதாவ, நீங்களும் கேட்டுறாதீங்க, இந்த வருசம் அவிய எடத்துக்கு வேற ஆளைப் போட்டுருங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அண்ணாச்சி ரொம்ப வருத்தப்பட்டாவ. என் முன்னாலயே அவிய பேரை அடிச்சுட்டு எங்க கொழுந்தன் பேரை எழுதிட்டாவ. மூலம்னு சொன்னா எந்த ஆம்பளையும் நேர்ல வந்து விசாரிக்க மாட்டான்.