உரிமை ஆசிரியருக்கே

தலைவர்: ...அதெல்லாம் எனக்குத் தெரியாது. நம்ம சங்கத்து நூல்பட்டியல் இணையதளத்துல ஏறப்போற லட்சமாவது புத்தகம் என்னுதுதான். பேனர் அடிச்சாச்சு.

மைத்துனி: அத்தான், உங்க புத்தகம்தான் ஏற்கெனவே பட்டியல்ல இருக்கே.

தலைவர்: இருந்தா என்ன? இன்னொரு தடவை ஏத்து.

மைத்துனி: ஒரு புத்தகத்துக்கு ஒரு பதிவுதான். தலைவரா நீங்களே கையெழுத்துப் போட்ட விதி.

தலைவர்: சுருக்கமாச் சொன்னா, விதிங்கிறது மத்தவங்களுக்கு... இரு, விளக்கமாவே சொல்றேன்.

மைத்துனி: வேண்டாம், புரிஞ்சிடுச்சு. உங்க புத்தகம் அஞ்சு தடவை ஏறியிருந்துது. போன வாரம்தான் அஞ்சையும் ஒண்ணாக்கினேன்.

தலைவர்: அஞ்சா... பார்த்தியா, ஆளாளுக்குப் போட்டி போட்டுச் சேர்த்திருக்காங்க.

மைத்துனி: ஒண்ணுல 'முனைவர்', ஒண்ணுல 'சொற்செம்மல்', ஒண்ணுல ரெண்டும். பட்டத்தை உரிச்சுட்டுப் பார்த்தா எல்லாம் ஒரே ஆள்.

தலைவர்: உரிக்கிறதுக்கு அது என்ன வெங்காயமா?

மைத்துனி: வெங்காயம்னா கண்ணுல தண்ணியாவது வரும். அஞ்சையும் ஏத்தினவர் பேரு 'உண்மை வாசகன்'. 'முன்னட்டை கண்ணைப் பறிக்கிறது'ன்னு குறிப்பு வேற. முன்னட்டையில உங்க முகம்.

தலைவர்: ...ரசனை உள்ள ஆள்.

மைத்துனி: இந்த வீட்டு இணைய இணைப்புலேருந்துதான் ரசிச்சிருக்கார்.

தலைவர்: க்கும்... க்கும். விஷயத்துக்கு வா. நாளைக்கு விழா. மண்டபம் பேசியாச்சு. உங்கக்கா உள்ள என் சட்டையைத் தேய்ச்சுக்கிட்டிருக்கா. முன் வரிசையில உட்கார்ந்து நேரம் பார்க்கணும்னு அவகிட்டயும் சொல்லியாச்சு. பட்டியல்ல ஒண்ணே ஒண்ணு குறையுது. எதை ஏத்தப் போறே?

மைத்துனி: எடுத்து வெச்சிருக்கேன். சின்னப் புத்தகம். 'மைக்கை விடாதவர்'.

தலைவர்: ...எது?

மைத்துனி: நகைச்சுவை. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது...

தலைவர்: தெரியாதாவது. மூணு தடவை படிச்சாச்சு. குளியலறையில வெச்சு.

மைத்துனி: குளியலறையிலயா?

தலைவர்: மெதுவாப் பேசு. தலைவர் சிரிப்புப் புத்தகம் படிக்கிறாருன்னு உங்கக்கா நினைச்சா என் மரியாதை என்ன ஆகும்? துண்டுக்கு அடியில மறைச்சு வெச்சிருக்கேன். அதுல வர்ற ஆள் அப்படியே நம்ம செயலாளர். அச்சு அசல்.

மைத்துனி: அப்படியா... எந்த இடத்துல?

தலைவர்: எல்லா இடத்துலயும். பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை கனைப்பான் பாரு.

மைத்துனி: க்கும், க்கும்னு.

தலைவர்: அதேதான். வாய்க்கு வாய் 'சுருக்கமாச் சொன்னா'ம்பான், சொல்லிட்டு ஒரு மணி நேரம் இழுப்பான். பொண்டாட்டி கையில கடிகாரத்தைக் கொடுத்து, நேரமாச்சுன்னா கையைத் தூக்குன்னு உட்கார வெச்சிருப்பான். அவ தூக்குவா. இவன் மேடையிலேருந்து பதிலுக்குக் கையசைப்பான்.

மைத்துனி: பாவம், அந்தப் பொண்டாட்டி.

தலைவர்: அதான் நானும் நினைச்சேன். அவனோட எப்படித்தான் குடித்தனம் பண்றாளோ.

மைத்துனி: செயலாளருக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே அத்தான்.

தலைவர்: ...ஆகலையா? சரி, கதைன்னா கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவாங்க.

மைத்துனி: அப்ப இதையே ஏத்தலாமா?

தலைவர்: ஏத்து. நாளைக்கு அவன் மூஞ்சி போற போக்கைப் பார்க்கணும். அதுக்காக என் புத்தகம் போனாலும் போகட்டும்... பேனர்ல என் முகம் இருக்கும்ல?

மைத்துனி: முகம் இருக்கும். புத்தகத்துப் பேர் மேல மட்டும் தாள் ஒட்டிடலாம்.

தலைவர்: ஆனா அதுல எழுதினவர் பேரே இல்லையே. புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

மைத்துனி: உள்பக்கத்துல 'உரிமை ஆசிரியருக்கே'ன்னு மட்டும் இருக்கு.

தலைவர்: அதையே போடு.

மைத்துனி: அதான் வினை. பதிவு போடப் புதுசா வந்தவங்க கண்ணுல பட்டதை அப்படியே ஏத்தினதுல, நம்ம தளத்துலயே அதிகம் எழுதினவர் 'ஆசிரியருக்கே'ன்னு ஆகிக் கிடக்கு. கவிதை, கணக்கு, கால்நடை மருத்துவம், எல்லாம் அவர்தான்.

தலைவர்: அவரை ஒரு கூட்டத்துல பார்த்திருக்கேன். நல்லாப் பேசுவார்.

மைத்துனி: ...சரி அத்தான். இதுக்கு நிஜப் பேரையே போடப் போறேன். எழுதினவங்க இத்தனை நாளா சம்மதிக்கலை. இன்னிக்குத்தான் சரின்னாங்க.

தலைவர்: ஆள் உனக்குத் தெரியுமா? சம்மதிக்க என்ன கஷ்டமாம்?

மைத்துனி: வெளிய தெரிஞ்சா வீட்டுக்காரர் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு...

தலைவர்: ஓ, பொம்பளையா? எவன் அந்த வீட்டுக்காரன்? சிரிக்கத் தெரியாத ஜென்மம். இந்த மாதிரி ஒரு புத்தகம் எழுதிட்டு ஒளிஞ்சு கிடக்கணுமா? பேரைப் போடு. தலைவர் உத்தரவு.

மைத்துனி: அப்புறம் எடுக்கச் சொல்ல மாட்டீங்களே?

தலைவர்: நான் சொன்ன சொல்லு மாறினது உண்டா? தட்டு.

மைத்துனி: ...தட்டிட்டேன். லட்சம் ஆயிடுச்சு. அக்கா... ஏறிடுச்சுக்கா.

தலைவர்: அவளை ஏன் கூப்பிடறே? சட்டை தீஞ்சிடப் போகுது. முதல்ல அந்தம்மாவுக்குப் போன் போடு. நாளைக்கு முதல் பேச்சு அவங்கதான். நானே நாற்காலி இழுத்துப் போடறேன்னு சொல்லு.

மனைவி: நாற்காலியெல்லாம் வேண்டாங்க. நான் கையைத் தூக்கினதும் மைக்கைக் கொடுத்தாப் போதும்.